காறையெலும்பு

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து
மூன்று போலீஸ், ஒரு கைதி.
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை, செவ்வாய்க்கிழமை.
சீட்டில் எழுதியிருந்தது:
மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு, காறையெலும்பு.
எங்கே நோவு என்ற கட்டத்தில்
வயது.

தென்னையிலிருந்து விழுந்த முதுகு,
பைக் மோதிய கால்,
மீன்முள் சிக்கிய தொண்டை
இவைதான் எனக்குப் பழக்கம்.
எங்கும் உடையாத ஒருவனைப் படுக்கவைத்து
மூச்சை அடக்கு என்றேன்.
அடக்கினான்.
விடு என்று சொல்ல மறந்துவிட்டேன்.
கண்ணாடிக்கு அப்பால்
அவன் விடாமலே கிடந்தான்.

ததேயுஸ்.
ஐஸ் கம்பெனியில் பெட்டி சுமந்தவன்.
கூலித் தகராறு, நானூற்றைம்பது ரூபாய்.
கணக்கு எழுதிய பெர்க்மான்ஸையும்
தடுக்க வந்த காவலாளியையும்
ஐஸ் உடைக்கும் கம்பியால் குத்தி
இரண்டு பேரையும் ஐஸ்குழிக்குள் இறக்கி
மீனை மூடுவதுபோல உமி போட்டு மூடினான்.
மூடியதற்குத்தான் தூக்கு என்றார்கள் ஊரில்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்,
மறைப்பதற்கில்லை.

அன்று டிசம்பர் இரண்டு.
பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் அவன்
பதினெட்டைத் தாண்டி ஆறு மாதம்.
பிறந்தது ஜூன் ஐந்து.
அந்த வகுப்பில் முப்பத்தொரு பேருக்கும் ஜூன் ஐந்துதான்.
ஐந்து நிறையாமல் சேர்க்கமுடியாது என்று
ஹெட்மாஸ்டர் போட்ட தேதி.
பள்ளிக்கு மூத்துப்போனவன்
கயிற்றுக்கும் மூத்துவிட்டான்.

ஞானஸ்நானப் பதிவேட்டைக் கடல் எடுத்திருந்தது.
அலமாரி மட்டும் தோப்பில் கிடைத்தது,
உள்ளே மணலும்
உயிரோடு ஒரு நண்டும்.

"கடலு கேறின அன்னைக்கு
அவனுக்கு நாலு முடிய எட்டு நாளு கெடந்து.
எனக்கு நல்ல ஓர்மையுண்டு."
சொன்னவள் அவனைப் பெற்றவள்.
பெற்றவள் வேறெப்படிச் சொல்வாள் என்று
அதைத் தள்ளினார்கள்.

படம் வந்தது.
காறையெலும்பின் உள்முனையில்
மூடியும் மூடாமலும் ஒரு கோடு.
இருபதுக்கு மேல், இருபத்துமூன்றுக்குள் என்று எழுதிய டாக்டர்
பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து
இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சேர்த்தார்.
நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியை
எலும்பில் எங்கே தேடுவது?

வேன் போன பிறகு வராந்தாவில் ஒருத்தி.
அமலோற்பவம்,
பெர்க்மான்ஸின் மனைவி.
எல்லா வாய்தாவுக்கும் வருகிறவளாம்.
"அந்தப் படத்தை நான் ஒண்ணு பாக்கட்டா சாரே?"
காட்டக்கூடாது.
காட்டினேன்.

வெளிச்சப் பலகையில் அவன் கை.
"இவனுக்க அம்மையும் நானும்
குளச்சல் ஆஸ்பத்திரியில அடுத்தடுத்த கட்டிலு.
எனக்க ரெக்சன் டிசம்பர் முப்பத்தொண்ணு.
அதுக்கு மூணாம் நாளு இவன்.
எனக்குப் பாலு கெட்டினப்போ
அவளாக்கும் ரெக்சனுக்குப் பாலு குடுத்தா.
பிள்ளையக் கடலு கொண்டுபோச்சு.
தடுப்பூசிக் கார்டு இருக்கு."

இதை யாரிடமாவது சொன்னீர்களா?

"சர்க்கார் வக்கீலு கேக்கல்ல.
அவன் வக்கீலு
எனக்க மொகத்தைப் பாக்கதில்ல."

பிறகு பலகையருகே போனாள்.
தன் கணவனைக் குத்திய கையின் மேல்
தொடாமல்
தன் கையை விரித்துப் பிடித்தாள்.
விரல் விரலாக அளந்தாள்.

"ரெக்சனுக்கும் இப்பம்
இவ்வளவு காணும், இல்லியா?"

என்ன சொல்ல.
காணும் என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.
வடசேரிப் பக்கம் நின்றாளா,
குளச்சல் பஸ்ஸுக்கு நின்றாளா,
ஜன்னலில் மழை.

அடுத்தது, காசு விழுங்கிய ஒரு சிறுவன்.
மூச்சை அடக்கு மக்கா என்றேன்,
அவன் அடக்குமுன்பே
விடு, விடு என்றேன்.
படம் கலங்கிப்போனது.
இரண்டாவது ஃபிலிம் போடவேண்டியதாயிற்று.